அறையில் இருந்தோர் எண்ணிக்கை

நெவில் லிண்ட்னர் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா?" முப்பத்தொரு வருடமாக அதே வாக்கியம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், பால் பண்ணை, எங்கே போனாலும் அதுதான். ஒருமுறை சவப்பெட்டிக் கடை ஒன்றின் பின்னறையில் அளக்கப் போனார். அங்கே மட்டும் உள்ளே இருந்தவர் எழுந்து போகவில்லை.

ஊர்ப்பக்கம் ஒரு செல்போன் கோபுரம் முளைத்தால் போதும், நம் ஜனங்களுக்குத் தலைவலி, தூக்கமின்மை, கோழி முட்டை வைக்காதது எல்லாம் அன்றைக்கே தொடங்கிவிடும். உடனே ஊர்ச் சபைக்கு மனு போகும். சபை நெவிலைக் கூப்பிடும். அவர் கருவி மாட்டிய ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, அறைக்குள் மின்காந்த அலை எவ்வளவு செறிவாக இருக்கிறது என்று அளந்து, கணக்குப் போட்டு, அறிக்கை எழுதித் தருவார். வெட்டவெளியில் அது சுலபம். மூடிய அறையில் அப்படியில்லை. அலை சுவருக்குச் சுவர் மோதித் திரும்பித் திரும்பி வரும். கருவியை ஒரு சாண் நகர்த்தினால் எண் மாறும். அதனால் இருபத்துநாலு இடத்தில் வைத்து அளக்கவேண்டும், சராசரி எடுக்கவேண்டும், அதற்குமேல் மதிப்பீடு. அந்த மதிப்பீட்டில் தெற்கு ஆஸ்திரேலியா முழுக்க நெவிலை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அவர் தொழில்காரர்களே சொல்வார்கள். சொல்வார்களே தவிர, யாரும் அவரை ஒரு பியருக்குக் கூப்பிட்டதில்லை.

அவர் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: அறையில் இருந்தோர் எண்ணிக்கை. அதில் எப்போதும் 'பூஜ்யம்' என்று எழுதுவார். கருவியை வைத்துவிட்டு அவரும் வெளியே வந்துவிடுவார் என்பதால் அது உண்மைதான். மனித உடம்பு அலையைக் குடிக்கும். ஆளிருந்தால் எண் குறைந்துவிடும். எனவே ஆளில்லாத அறைதான் சுத்தமான அறை. முப்பத்தொரு வருடம் இப்படி ஆளை வெளியேற்றி வெளியேற்றி, வெறும் அறைகளோடு பழகிப்போனது அவர் பிழைப்பு.

வீடு போர்ட் லிங்கனில், குன்றின் பின்பக்கம். மனைவி கெரின் ஒன்பது வருடத்துக்கு முன்னால் அடிலெய்டு போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. போகும்போது, "நீ வீட்டுல இருக்கியா இல்லையான்னே எனக்குத் தெரியல நெவில், அதான்" என்று மட்டும் சொன்னாள். அவள் பொருள்களை எடுத்துக்கொண்டபின் வீடு எதிரொலிக்க ஆரம்பித்தது. தும்மினால் கூடத்திலிருந்து பதில் வரும். சோபாவும் திரைச்சீலையும் வாங்கிப் போட்டால் எதிரொலி அடங்கும் என்று அவருக்குத் தெரியாதா? இதுதானே அவர் தொழில். ஆனாலும் வாங்கவில்லை.

கார்விக்கிலிருந்து கடிதம் வந்தது ஒரு ஆகஸ்ட் மாதம். கார்விக் என்பது மேற்குக் கடற்கரையில் ஒரு படகுத்துறை, ஒரு ஹோட்டல், பதினாலு மீன்பிடிப் படகு, அவ்வளவுதான். ஊருக்கு மேலே குன்றில் பழைய கப்பல் கன்டெய்னர் ஒன்று கிடக்கும். அதுதான் கார்விக் ரேடியோ. கடலில் போகிற படகுகளோடு பேசுவதற்கான தொண்டர் நிலையம். தொண்டர்கள் என்று பன்மையில் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வால்மா ப்ராஸர் என்ற எழுபத்தொரு வயது அம்மாள் ஒருவர்தான் இருபத்திரண்டு வருடமாக அங்கே உட்கார்ந்திருந்தார். தினமும் காலை ஏழு மணிக்குப் படகுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒவ்வொரு படகும் 'இருக்கேன்' என்று பதில் சொல்லவேண்டும். சொல்லாத படகைத் தேடி ஆள் போகும். படகுக்காரர்களுக்கு அவர் வெறும் 'வால்'தான்.

அந்த அம்மாவுக்கு ஜூன் மாதம் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள். கருவி விற்ற கம்பெனிக்காரன் ஒரு தாள் அனுப்பியிருந்தான்: வேலை செய்யும் அறையில் அலைச் செறிவு பத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் நாங்கள் பொறுப்பில்லை. ரேடியோ நிலையத்தை நடத்துகிற சங்கத்துத் தலைவர் க்ரேம் அதைப் பிடித்துக்கொண்டார். அளந்து, பத்துக்குள் இருந்தால் வால்மா உட்காரலாம். இல்லாவிட்டால் இந்த ரேடியோக் காவலை எங்கோ நகரத்தில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் மேஜைக்கு மாற்றிவிடலாம். க்ரேமுக்கும் அதுதான் வசதி.

நெவில் காலையிலேயே போய்ச் சேர்ந்தார். காற்று ஆளைத் தள்ளியது. கன்டெய்னர் கதவை இழுத்துத் திறந்து, பழக்க தோஷத்தில், "எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா?" என்றார்.

உள்ளே இருந்தது ஒரே ஒருவர். ரேடியோவுக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, ஊதா நிறக் கம்பளிச் சட்டையில்.

"எல்லாருமா? இரு கண்ணு, கூட்டத்தைக் கலைச்சு விட்டுட்டு வரேன்" என்றார் வால்மா, திரும்பிப் பார்க்காமலே.

நெவிலுக்குச் சிரிப்பு வந்தது. அவர் வேலை நேரத்தில் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவருக்கே தெரியாது.

"இல்லம்மா, ஆள் இருந்தா எண்ணு தப்பா வரும். ஒரு ரெண்டு மணி நேரம்தான்."

"ரெண்டு நிமிஷம்கூட முடியாது. ஸ்லாவ்கோ இஞ்சின் நின்னுபோய் பத்தொம்பது மைலுக்கு அப்பால மிதந்துக்கிட்டு இருக்கான். இழுக்கப் படகு போயிருக்கு. கால் மணிக்கு ஒரு தரம் கூப்பிடுவான். நான் வெளிய போனா அவன் காத்தோடதான் பேசணும்."

நெவில் யோசித்தார். எப்படியும் வேலை நேரத்தில் இந்த அம்மா உள்ளேதான் இருக்கப்போகிறார். அவரை வைத்தே அளந்தால் இன்னும் சரியாக இருக்கும். ஓர் ஆள் என்று கணக்கில் எழுதிக்கொண்டால் ஆயிற்று.

முறைப்படி பார்த்தால், ஒவ்வோர் இடத்திலும் கருவியை வைத்து, அதைத் தானே பதியவிட்டு, நெவில் வெளியே வந்து கதவைச் சாத்தவேண்டும். இருபத்துநாலு தடவை. இரண்டு தடவை செய்தார். மூன்றாவது தடவை வெளியே நிற்கும்போது மழை சாய்வாக அடித்தது. உள்ளேயிருந்து வால்மா கதவைத் தட்டினார்.

"லூசா நீ? உள்ள வந்து நில்லு. டீ ஊத்தியிருக்கேன். நிமோனியாவுல போறதுக்கு இந்தக் கதவுதான் கிடைச்சுதா?"

நெவில் உள்ளே போனார். அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. வெளியே நின்று எடுத்த இரண்டையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார். சோம்பல் என்று சொல்லலாம், அது பாதி உண்மை. மீதிப் பாதி, முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக, அவர் அளக்கிற அறையில் ஒருவர் எழுந்து போகாமல் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு. போயிட்டா."

"செத்தா?"

"அடிலெய்டுக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் வால்மா. "என் ஆளு கடல்ல போனான். பதினேழு வருஷமாச்சு. மீன் பிடிக்கப் போய்ச் செத்தான்னு பெருமையா சொல்லிக்கலாம்னு பார்த்தா, துறையில கால் வழுக்கி விழுந்துதான் செத்தான், கையில ஒரு கறி பப்ஸோட."

கால் மணிக்கு ஒருமுறை ஸ்லாவ்கோ கூப்பிட்டான். நடுநடுவே வேறு படகுகளும் சும்மாவே கூப்பிட்டன. காற்று எப்படி, ஐஸ் வந்ததா, என் பெண்டாட்டி ஹோட்டல் பக்கம் தென்பட்டாளா என்று. வால்மா ஒவ்வொருவனுக்கும் பதில் சொன்னார், ஒவ்வொருவனையும் ஒரு திட்டு திட்டினார். நெவில் கருவியை நகர்த்துவதும் குறிப்பதும் டீ குடிப்பதுமாக இருந்தார். இருபத்துநாலு இடமும் முடிந்தபோது அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

சராசரி ஒன்பது புள்ளி ஒன்று. அறையில் இருந்தோர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதினார். முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் இல்லாத முதல் படிவம்.

"பத்துக்குள்ளதான் இருக்கும்மா. அறிக்கை ரெண்டு நாள்ல அனுப்பிடறேன்."

வால்மா கண்ணாடியைக் கழற்றிக் கம்பளிச் சட்டையில் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு மைக்கை எடுத்து ஸ்லாவ்கோவின் படகான 'ட்ரீனா'வைக் கூப்பிட்டார்.

"ட்ரீனா, ட்ரீனா, கார்விக் ரேடியோ. ஸ்லாவ்கோ, நான் பாஸாயிட்டேன்டா. ஓவர்."

"என்ன பரீட்சை வால்? ஓவர்."

"உயிரோட உக்கார்ந்திருக்கற பரீட்சை. ஓவர்."

பதினாலு படகிலும் மாறி மாறி விசிலடித்தார்கள். அந்த இரும்புப் பெட்டியே அதிர்ந்தது. நெவில் முக்காலியை மடக்குகிற சாக்கில் குனிந்துகொண்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

இரண்டு நாள் கழித்து வீட்டுச் சமையலறை மேஜையில் அறிக்கை எழுத உட்கார்ந்தார். நெவிலிடம் ஒரு வழக்கம் உண்டு. கணக்கைப் போட்டு முடித்தபின் பின்னாலிருந்து முன்னால் ஒருமுறை போட்டுப் பார்ப்பார். கன்டெய்னருக்குள் போன் எடுப்பதற்காக மாட்டியிருக்கிற சிக்னல் பூஸ்டர் இவ்வளவு அலையைக் கொட்டுகிறது, அளவு இவ்வளவு வந்திருக்கிறது, ஓர் ஆள் உடம்பு இவ்வளவு குடிக்கும். அப்படியானால் மீதியைக் குடித்தது சுவர். சுவருக்கு எவ்வளவு என்று பார்த்தார். இரும்புச் சுவர் அவ்வளவு குடிக்காது. இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும், குடிக்கவே குடிக்காது என்று சொல்லலாம். ஆனால் கணக்குப்படி அந்தக் கன்டெய்னர் மொடாக்குடியனாக இருந்தது.

கூட்டல் தப்பா என்று பார்த்தார், இல்லை. கருவி கெட்டுப்போயிற்றா என்று பார்த்தார், இல்லை. மூலையில் தண்ணீர்த் தொட்டி எதுவும் இருந்ததா? நாய் எதுவும் படுத்திருந்ததா? அறைக்குள் இன்னோர் உடம்பு இருந்தால்தான் கணக்கு நேராகும், அதுவும் சுமார் எண்பது கிலோ உடம்பு. வேலைக்கு எடுத்த போட்டோக்களைக் கொட்டிப் பார்த்தார். ரேடியோ, பூஸ்டர், நாற்காலி, வால்மாவின் ஊதா முதுகு, மேஜைமேல் இரண்டு டீக் கோப்பை.

இரண்டு கோப்பையா? ஒன்று அந்த அம்மாவுடையது. இன்னொன்று யாருக்கு?

நம்பமாட்டீர்கள், நெவில் முழுதாக ஒரு நிமிடம் யோசித்தார். அன்று காலை வேறு யார் வந்துபோனார்கள் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் உறைத்தது. உறைத்ததும் சிரிப்பு வரவில்லை. முப்பத்தொரு வருட அனுபவக்காரன், எண்பத்துநாலு கிலோ ஆள், மூன்று மணி நேரம் அந்த அறைக்குள் நின்று டீ குடித்திருக்கிறான். கட்டத்தில் தன்னை எழுதத் தோன்றவில்லை. 'நீ வீட்டுல இருக்கியா இல்லையான்னே தெரியல' என்று கெரின் சொன்னபோது அநியாயம் என்று நினைத்திருந்தார்.

இப்போது கணக்கைத் திருத்தினார். விஷயம் இதுதான்: இரும்பு அறைக்குள் அலை வெளியே போக வழியில்லாமல் சுற்றும். இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேரும் பங்கு போட்டுக் குடித்துவிடுவார்கள், அறையில் செறிவு தணியும். ஒரே ஆள் இருந்தால் அது தணியாது. தனியாக இருப்பவர்மேல்தான் அது கூடுதலாக அடிக்கும். நெவில் இருந்தபோது ஒன்பது புள்ளி ஒன்று. நெவில் இல்லாமல், வால்மா மட்டும் தினமும் உட்கார்ந்திருக்கிற அந்த அறையில், பதினொன்று புள்ளி ஏழு.

பேசாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தார், இல்லை என்று சொன்னால் பொய். பத்து என்பதே கம்பெனிக்காரன் தன் பாதுகாப்புக்குக் குறைத்துப் போட்ட எண். பதினொன்றேமுக்காலில் ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் ஏதாவது ஆனால் அந்த அறையில் பார்க்க ஒருவர்கூட இருக்கமாட்டார். மறுநாள் வண்டியை எடுத்தார்.

"என்ன கண்ணு, எதையாவது மறந்து வெச்சுட்டுப் போயிட்டியா?" என்றார் வால்மா.

நெவில் சொன்னார். சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். வால்மா முழுக்கக் கேட்டார். முகம் சிவந்துகொண்டே வந்தது.

"ஒரு ஆள்னு எழுதினியா?"

"ஆமா."

"அப்போ நான் யாருக்கு டீ ஊத்தினேன்? சொல்லு. மூணு கோப்பை. நாலு பிஸ்கட். என் புருஷன் செத்த கதையை யாருகிட்ட சொன்னேன்? சுவத்துகிட்டயா?"

"மன்னிச்சிடுங்க."

"தன்னையே எண்ண மறக்கறவன் எப்படிய்யா மத்ததை எண்ணறான்? ஊரெல்லாம் சொல்லிட்டேன் நான். ஸ்லாவ்கோ கேக் வாங்கிட்டு வந்தான்!"

நெவில் கருவியை எடுத்தார். இந்த முறை முறைப்படி. வால்மா உள்ளே, அவர் வெளியே, கதவு சாத்தி, இருபத்துநாலு தடவை, காற்றில். மழை பெய்தது. இந்தத் தடவை கதவைத் தட்டி யாரும் கூப்பிடவில்லை. முடிவு பதினொன்று புள்ளி ஆறு. அவர் மதிப்பீடு எப்போதும்போல் பிசகவில்லை. அதில் அவருக்கு அன்று ஒரு பெருமையும் இல்லை.

க்ரேமுக்குப் போன் போட்டார்கள். பூஸ்டரை எடுத்துவிடலாம் என்றால் அந்த இரும்புப் பெட்டிக்குள் போன் செத்துவிடும், ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியிருக்காது. குறைத்து வைக்க அதில் திருகு எதுவும் கிடையாது.

"ரெண்டு பேர் உக்கார்ந்தா பத்துக்குள்ள வந்துடும்" என்றார் நெவில் போனில்.

"ரெண்டாவது ஆளுக்கு நான் எங்க போறது? ஆறு வருஷமா போர்டுல எழுதி ஒட்டியிருக்கேன். ஒரு ஈ காக்கா வரல" என்றார் க்ரேம். "மாசக் கடைசியோட மூடிடலாம். வால்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, எனக்கு அவ திட்டறதைக் கேக்க முடியாது."

சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

வால்மா திட்டவில்லை. அதுதான் நெவிலுக்குத் தாங்கவில்லை. மைக்கை மேஜைமேல் நேராக வைத்தார், பிறகு சற்றே திருப்பி வைத்தார்.

"வீட்டுல நான் பேசினா யாரும் பதில் சொல்றதில்ல கண்ணு" என்றார். "டிவிகாரன் அவன் பாட்டுக்குப் பேசறான். இங்க உக்கார்ந்து கூப்பிட்டா பதினாலு பேர் இருக்கேன்னு சொல்றானுங்க. ஏழு மணிக்கு அதைக் கேட்டுட்டா மீதி நாளை எப்படியோ ஓட்டிடுவேன்."

நெவிலுக்கு 'நான் வந்து உட்காருகிறேன்' என்று சொல்லத் தோன்றியது. தோன்றியது என்ன, வாய்வரைக்கும் வந்துவிட்டது. வேலையை ஓரம் கட்டலாம். கார்விக்கில் ஒரு வீடு வாடகைக்கு எடுக்கலாம். இரண்டாவது நாற்காலி போட்டு, படகுகளைக் கேட்டுக்கொண்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு. இந்த அம்மா சிரித்து விரட்டிவிட்டால்? 'உன்னை யாரு கேட்டா' என்று சொல்லிவிட்டால்? அந்த ஒரு நொடியில் தொழில் மூளை முந்திக்கொண்டது. அது அவரை எப்போதும் இப்படித்தான் காப்பாற்றியிருக்கிறது, கெடுத்ததும் இப்படித்தான்.

"காலி தண்ணி கேன் ஏதாவது இருக்காம்மா?" என்றார்.

"எதுக்கு?"

"மனுஷ உடம்புங்கறது பெரும்பாலும் உப்புத் தண்ணிதான். அலைக்கு வித்தியாசம் தெரியாது."

இருபது லிட்டர் கேன் நான்கு கிடைத்தன. துறைக்கு இறங்கிக் கடல் தண்ணீர் பிடித்து, வண்டியில் ஏற்றி, குன்றுக்குக் கொண்டுவந்தார். ஒரு பழைய மர பெஞ்சை வால்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு, இரண்டின்மேல் இரண்டாக அடுக்கினார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார். இருபத்துநாலு தடவை.

ஒன்பது புள்ளி ஒன்று.

இம்மிகூடப் பிசகவில்லை. அவர் உள்ளே நின்று, பேசி, சிரித்து, கண் கலங்கி எடுத்த அதே எண். எண்ணைப் பார்த்துக்கொண்டே மழையில் கொஞ்ச நேரம் நின்றார். அந்த அம்மாவின் காவல் பிழைத்தது என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே எங்கோ வலித்தது. நாலு கேன் போதும் என்றால் போதும்தான், அதில் என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"பத்துக்குள்ள வந்துடுச்சு" என்றார் கதவைத் திறந்து. "கேனை எடுக்காத வரைக்கும் நீங்க உக்காரலாம். அறிக்கையில எழுதிடறேன்."

வால்மா கேன்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் மெல்லக் கோணியது.

"உன் அச்சாவே இருக்கு கண்ணு. இதே குண்டு. பேச்சும் இதே அளவுதான். டீ மட்டும் மிச்சம்." கேனை ஒரு தட்டுத் தட்டினார். "நெவில்னே கூப்பிட்டுக்கறேன், என்ன?"

நெவில் சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தார். கிளம்பும்போது, "இந்தப் பக்கம் வந்தா எட்டிப்பாரு. உனக்கு ஒரு கோப்பை எப்பவும் இருக்கு" என்றார். "வரேம்மா" என்றார் நெவில். வேலை இல்லாமல் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிற வழக்கம் அவரிடம் இல்லை. அது இரண்டு மணி நேரப் பாதை வேறு. அவர் போகவில்லை.

அறிக்கையைக் கம்பெனிக்காரன் ஏற்றுக்கொண்டான். க்ரேம் முணுமுணுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அடுத்த மாதம் நெவில் ஒரு பழைய கடல் ரேடியோவை வாங்கிச் சமையலறை ஜன்னலில் வைத்தார். கேட்க மட்டும் முடிகிற பெட்டி, பேச முடியாது. குன்றுமேல் நின்று அலையை வாங்கி மறுபடி அனுப்புகிற ரிப்பீட்டர் புண்ணியத்தில் கார்விக் தெளிவாகவே வந்தது.

முதல் நாள் காலை ஏழு மணிக்குக் கேட்டார். வால்மா படகுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். 'பெலிகன்' சொன்னது: "இருக்கேன் வால். குட் மார்னிங். குட் மார்னிங் நெவில்." நெவிலின் கை கெட்டிலின்மேலேயே நின்றுவிட்டது. அடுத்த படகும் அதையே சொன்னது. அதற்கடுத்ததும். பதினாலு படகும் கேனுக்குக் காலை வணக்கம் சொல்வதை வழக்கமாக்கியிருந்தன. கடலோர ஜனங்கள் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்கள்.

அன்றிலிருந்து ஏழு மணிக்கு நெவில் எங்கும் போவதில்லை. வெளியூர் வேலை என்றாலும் எட்டுக்குமேல்தான் கிளம்புவார். டீ ஊற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்காருவார். ஒவ்வொரு குட் மார்னிங்குக்கும் தலையாட்டுவார். முதல் வாரம் தலையாட்டல் மட்டும். பிறகு மெதுவாக வாய்விட்டுப் பதிலும் சொல்ல ஆரம்பித்தார்: "மார்னிங் ட்ரீனா. மார்னிங் பெலிகன்."

போன வாரம் ஒருநாள் ஸ்லாவ்கோ கேட்டான்: "நெவில் என்ன சொல்றார் வால், இன்னிக்குக் கடல் எப்படி? ஓவர்."

"தெற்குக் காத்துன்னு சொல்றான். பத்து மணிக்குள்ள திரும்பிடுன்னு சொல்றான். ஓவர்."

நெவில் எழுந்து ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தார். பக்கத்து வீட்டு யூகலிப்டஸ் மரம் முழுக்கக் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

"மேற்கு, வால்" என்றார் ரேடியோவிடம். "தெற்கு இல்ல. மேற்குக் காத்து."

பெட்டிக்குள் வால்மா அடுத்த படகைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நெவில் குரலைச் சற்று உயர்த்தி இன்னொரு முறை சொன்னார்.